2147483647: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகா எண்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது 2147483647. சொல்லி முடிப்பதற்குள் அதே சந்தேகங்கள் வரிசை கட்டி வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். தொடக்கத்தில் இருப்பவை எளியவை. போகப்போகத் தாளும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது. முன்னால் சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருக்கிறேன்.

1. முதலில் இதை எப்படி வாசிப்பது?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. மொத்தம் பத்து இலக்கங்கள்.

ஆனால் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது 2³¹ − 1 என்ற வடிவத்தைத்தான். 31 இரண்டுகளைப் பெருக்கி, விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். கீழே வரும் ஏறக்குறைய எல்லா விடைகளும் இந்த "ஒன்று குறைவு" என்பதிலிருந்தே கிளைக்கின்றன. பத்து இலக்கங்கள் மறந்துபோனாலும் நஷ்டமில்லை.

2. பெரிய பகா எண்ணுன்னு சொல்றீங்க. பத்து இலக்கம் ஒரு பெரிசா?

இன்றைக்கு இல்லை. கையில் இருக்கும் கைபேசியே கண்ணிமைக்கும் நேரத்தில் இதைச் சோதித்துவிடும். ஆனால் 1772 முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மனிதர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான். கணினி இல்லாமல் ஒரு மனிதர் நிறுவிய எண் என்பதை வைத்துத்தான் பெரியது என்கிறேன். இன்றைய சாதனை எண் கேள்வி 19-இல் இருக்கிறது.

3. இதுக்குக் கீழே இருக்கிற எல்லா எண்ணாலயும் வகுத்துப் பார்த்தாத்தானே பகா எண்ணுன்னு சொல்ல முடியும்? 214 கோடி தடவை வகுத்தாங்களா?

தேவையே இல்லை. ஓர் எண்ணை இரண்டு எண்களின் பெருக்கமாகப் பிரிக்க முடிந்தால், அந்த இரண்டில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாமல் இருக்கும். இரண்டுமே வர்க்கமூலத்தைத் தாண்டினால் பெருக்கினால் வருவது மூல எண்ணைவிடப் பெரிதாகிவிடும் அல்லவா? 46340-இன் வர்க்கம் 2147395600, நம் எண்ணைவிடச் சிறியது. 46341-இன் வர்க்கம் 2147488281, நம் எண்ணைவிடப் பெரியது. ஆகவே 46340 வரை பார்த்தால் போதும்.

அதிலும் எல்லா எண்களும் வேண்டாம். 2-ஆல் வகுபடாதது 4-ஆலும் 6-ஆலும் வகுபடப்போவதில்லை. பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். 46340-க்குள் 4792 பகா எண்கள் இருக்கின்றன. 214 கோடி என்று பயந்த வேலை ஐயாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. இன்னும் எவ்வளவு குறைக்கலாம் என்பது கேள்வி 7-இல்.

4. 2³¹ − 1 என்று எழுத முடிவதில் அப்படி என்ன விசேஷம்?

தசம முறையில் 1000-இலிருந்து ஒன்றைக் கழித்தால் 999. அதே மாதிரி இரும முறையில் 2-இன் ஓர் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வெறும் ஒன்றுகளாக வரும். நம் எண் இரும முறையில் 31 ஒன்றுகள், நடுவில் ஒரு பூச்சியம்கூட இல்லாமல்.

இந்த வடிவத்தில் உள்ள எண்கள் மெர்சென் எண்கள். அவற்றில் பகா எண்ணாக இருப்பவை மெர்சென் பகா எண்கள். இந்தக் குடும்பத்துக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: அடுக்கு பகு எண்ணாக இருந்தால் எண்ணும் பகு எண்தான். 2¹⁵ − 1-ஐப் பாருங்கள். இரும முறையில் 15 ஒன்றுகள். அவற்றை மூன்று மூன்றாகக் கட்டினால் ஐந்து கட்டுகள். ஒவ்வொரு கட்டும் 111, அதாவது 7. ஆகவே எண் முழுவதும் 7-ஆல் வகுபடும். 999999 எப்படி 999-ஆல் வகுபடுகிறதோ அதே கதை. 31 ஒன்றுகளை இப்படிச் சம கட்டுகளாகக் கட்ட முடியாது, ஏனென்றால் 31 பகா எண்.

5. அப்போ அடுக்கு பகா எண்ணா இருந்தாலே போதும், இல்லையா?

போதாது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். 11 பகா எண். ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. கட்டுகளாகப் பிரிக்க முடியாது என்பதால் ஒரு வகையான காரணி இல்லை என்றுதான் பொருள். வேறு வழியில் காரணி வரக்கூடாது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

இதில் விழுந்தவர்களில் பெரிய ஆட்களும் உண்டு. இத்தாலியக் கணிதர் கட்டால்டி 1588-இல் 2¹⁷ − 1, 2¹⁹ − 1 இரண்டும் பகா எண்கள் என்று முறையாக நிறுவினார். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் அப்படியே என்று அறிவித்துவிட்டார். 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா, 23-க்கு உரியது 47-ஆலும் 37-க்கு உரியது 223-ஆலும் வகுபடுவதைக் காட்டினார். 29-க்கு உரியது 233-ஆல் வகுபடுவதைச் சுவிஸ் கணிதர் ஆய்லர் காட்டினார். நான்கில் தப்பியது 31 மட்டுமே. கட்டால்டி சொன்னது சரிதான், ஆனால் நிரூபித்துச் சொன்னதல்ல.

6. மெர்சென்னின் பெயரை வைத்திருக்கிறார்கள். கண்டுபிடித்தவர் அவர்தானா?

இல்லை. மெர்சென் பிரெஞ்சுத் துறவி. அந்தக் காலத்துக் கணிதர்கள் எல்லோருக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர். 1644-இல் 257 வரையிலான அடுக்குகளில் பகா எண் தருபவை இவை என்று ஒரு பட்டியல் வெளியிட்டார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. 31 இருப்பது சரி. ஐந்து பிழைகள் உள்ள பட்டியல் ஒருவருடைய பெயரை இத்தனை நூற்றாண்டு காப்பாற்றியிருப்பது எனக்கு எப்போதும் வியப்புதான். ஆனால் அந்தப் பிழைகளைத் திருத்தவே மற்றவர்கள் முந்நூறு ஆண்டுகள் உழைத்தார்கள், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2⁶⁷ − 1 = 193707721 × 761838257287 என்பதை 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் வெளியிட்டார். எட்டாவது மெர்சென் பகா எண்தான் நம் 2147483647.

7. கால்குலேட்டர்கூட இல்லாத காலத்துல ஆய்லர் எப்படி நிரூபிச்சார்?

1772-இல் ஒரு கடிதத்தில் ஆய்லர் இதைத் தெரிவிக்கிறார். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுதாகப் போயிருந்தது. அவர் செய்தது வகுத்தல்தான். ஆனால் எதால் வகுக்க வேண்டும் என்பதை முதலில் சல்லடை போட்டுச் சலித்துவிட்டார்.

2³¹ − 1-க்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வரும். வேறு எந்தப் பகா எண்ணும் காரணியாக இருக்க வாய்ப்பே இல்லை. ஏன் என்பது அடுத்த கேள்வியில். இப்போதைக்கு எண்ணிக்கையைப் பாருங்கள். 249, 311, 497, 559 என்று 46340 வரை இப்படிப்பட்ட எண்கள் 372 உண்டு. 63 இந்தக் கணக்கில் இல்லை, அது பகு எண். 4792 வகுத்தல்கள் 372 ஆகிவிட்டன.

அந்த 372-இலும் பெரும்பாலானவை பகு எண்கள். 249 என்பது 3 × 83, 497 என்பது 7 × 71, 559 என்பது 13 × 43. 311-க்குப் பிறகு உண்மையிலேயே வகுத்துப் பார்க்க வேண்டிய அடுத்த எண் 1303. இப்படிக் கழித்துக் கட்டினால் மிஞ்சுவது 84 பகா எண்கள் மட்டும். 311-ஆல் வகுத்தால் மீதி 35. இதே மாதிரி இன்னும் 83 முறை வகுத்தால் நீங்களும் ஆய்லர் நின்ற இடத்தில் நிற்கலாம். ஒரு விடுமுறை நாளில் முடிந்துவிடும் வேலை.

8. அந்த 248, 1, 63 எல்லாம் எங்கிருந்து குதிச்சுது?

ஒரு பகா எண் 2³¹ − 1-ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் "காரணி" என்றே அழைக்கிறேன். அப்படியானால் 2³¹-ஐ அந்தக் காரணியால் வகுத்தால் மீதி 1. இனி 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை வரிசையாக எடுத்துக் காரணியால் வகுத்தால் மீதிகள் ஒரு வட்டமாகச் சுழலும். 31ஆம் அடியில் 1 வருகிறது என்பதால் வட்டத்தின் நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண். ஆகவே நீளம் 1 அல்லது 31. நீளம் 1 என்றால் 2-ஐ வகுத்தாலே மீதி 1 வர வேண்டும், அது நடக்காது. எனவே நீளம் சரியாக 31. மறுபக்கம், ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, காரணியிலிருந்து ஒன்றைக் கழித்து அதை அடுக்காக வைத்தாலும் மீதி 1 வரும். அதனால் "காரணி கழித்தல் ஒன்று" 31-இன் மடங்கு. காரணி ஒற்றை எண். ஆகவே அது 2-இன் மடங்கும்கூட. சேர்த்தால் 62-இன் மடங்கு. கேள்வி 5-இல் வந்த எண்களையும் இதே கண்ணோடு பாருங்கள்: 47 என்பது 2 × 23 + 1, 223 என்பது 6 × 37 + 1, 233 என்பது 8 × 29 + 1.

இரண்டாவது சல்லடை: 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம். அதாவது காரணியின் உலகத்தில் (அதால் வகுத்த மீதிகளை மட்டும் பார்க்கும் கணக்கில்) 2 ஒரு வர்க்க எண். 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி வரும் பகா எண்களில் மட்டுமே 2 வர்க்க எண்ணாக இருக்க முடியும் என்பது நிறுவப்பட்ட தேற்றம். 62 விதியையும் 8 விதியையும் ஒன்றாகப் பொருத்தினால் 248-க்கு 1 அல்லது 63 மீதி என்ற விடை தானாக வரும்.

9. வகுக்காமலே சோதிக்க வழி இல்லையா?

உண்டு. மெர்சென் எண்களுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 1870-களில் தொடங்கி வைத்ததை அமெரிக்கக் கணிதர் லெமர் பின்னர் மெருகேற்றினார். 4-இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுத்து 2-ஐக் கழியுங்கள். மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்யுங்கள். கடைசியில் பூச்சியம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. "அநேகமாக" என்ற பேச்சே கிடையாது.

2⁵ − 1 = 31-க்கு மூன்று தடவை. 4-இலிருந்து 14. 14-இலிருந்து 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8. 8-இலிருந்து 62, மீதி 0. பகா எண். 2147483647-க்கு இதே ஆட்டத்தை 29 தடவை ஆட வேண்டும். லூக்கா 1876-இல் 2¹²⁷ − 1 என்ற 39 இலக்க எண்ணைப் பகா எண் என்று காட்டியது வகுத்தலால் அல்ல, இந்த வகைச் சிந்தனையால்தான். கையால் கணக்கிட்டு நிறுவப்பட்டவற்றில் அதுவே மிகப் பெரியது.

10. நான் 2-ஐ வெச்சு ஃபெர்மா சோதனை செஞ்சேன், மீதி 1 வந்துச்சு. அதுவே போதுமே?

வந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு இங்கே மதிப்பில்லை. ஃபெர்மா சோதனையில், சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவானதை 2-க்கு அடுக்காக வைத்து, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்க்கிறோம். இங்கே அந்த அடுக்கு 2147483646. இது 31-இன் மடங்கு (31 × 69273666). 2³¹-இன் மீதி 1 என்பது எண்ணை எழுதிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகவே அதன் எந்த மடங்கை அடுக்காக வைத்தாலும் மீதி 1 வந்தே தீரும். எண் பகா எண்ணா இல்லையா என்பதைச் சோதனை தொடவே இல்லை.

சந்தேகம் இருந்தால் 2047-க்குச் செய்து பாருங்கள். 2046 என்பது 11 × 186. மீதி 1 வரும். ஆனால் 2047 = 23 × 89 என்று கேள்வி 5-இல் பார்த்தோம். 2-க்குப் பதில் 3-ஐ வைத்தால் 2047-இன் குட்டு உடைந்துவிடும், மீதி 1 வராது. மெர்சென் எண்களிடம் 2-ஐ அனுப்பி விசாரிப்பது, குற்றம் சாட்டப்பட்டவரின் தம்பியையே சாட்சியாக அழைப்பது மாதிரி.

11. பகா எண் வரிசையில் இது எத்தனையாவது? பக்கத்தில் வேறு பகா எண்கள் உண்டா?

10,50,97,565ஆவது. இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. ஒரு பக்கம் 18 இடைவெளி, மறுபக்கம் 12.

இது இரட்டைப் பகா எண்ணாக, அதாவது 2 மட்டும் தள்ளி ஒரு துணையோடு, இருக்க முடியாது. இரண்டைக் கழித்தால் 5-இல் முடிகிறது. இரண்டைக் கூட்டினால் 2³¹ + 1 வருகிறது. 2-இன் ஒற்றை அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் எப்போதும் 3-ஆல் வகுபடும். ஆனால் அந்தக் கூட்டலில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு: 2147483649 = 3 × 715827883. அந்த 715827883 பகா எண்.

12. செவ்விய எண்ணுக்கும் இதுக்கும் என்ன உறவு?

தன்னைத் தவிர்த்த வகுத்திகள் எல்லாவற்றையும் கூட்டினால் தானே வரும் எண் செவ்விய எண். 6 = 1 + 2 + 3. 28 = 1 + 2 + 4 + 7 + 14. இவற்றை 2 × 3, 4 × 7 என்று எழுதினால் 3-ம் 7-ம் மெர்சென் பகா எண்கள் என்பது கண்ணில் படும். ஒரு மெர்சென் பகா எண்ணை, அதைவிட ஒன்று கூடுதலான எண்ணின் பாதியால் பெருக்கினால் செவ்விய எண் கிடைக்கும் என்பது யூக்ளிட் காலத்திலேயே தெரிந்தது. இரட்டைப்படைச் செவ்விய எண்கள் எல்லாமே இப்படித்தான் வரும் என்பதை ஆய்லர் நிறுவினார். ஒற்றைப்படையில் ஒன்றாவது இருக்கிறதா என்பதற்கு இன்றுவரை விடை இல்லை.

நம் எண் தருவது 2³⁰ × (2³¹ − 1) = 2305843008139952128. எட்டாவது செவ்விய எண். 1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலக் கணிதர், இதற்கு மேல் ஒன்றை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை, இவை வேடிக்கைக்கு உதவுமே தவிரப் பயனற்றவை, யார் மெனக்கெடுவார்கள் என்கிற பொருளில் எழுதிவைத்தார். மெனக்கெட ஆட்கள் இருந்தார்கள்.

13. புரோகிராம் எழுதும்போது இன்டிஜரின் உச்ச மதிப்பு இதே எண்தான். பகா எண் என்பதால்தான் தேர்ந்தெடுத்தார்களா?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. விடை: இல்லை. 32 பிட் (இரும இலக்கம்) இடத்தில் கூட்டல், கழித்தல் குறி உள்ள முழு எண்ணை வைக்கும்போது முதல் பிட் குறிக்குப் போய்விடுகிறது. மிச்சம் 31 பிட். எல்லாவற்றிலும் 1 வைத்தால் வருவது 31 ஒன்றுகள், அதாவது நம் எண். பகா எண் என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை.

மற்ற அளவுகளைப் பார்த்தால் இது விளங்கும். 8 பிட்டின் உச்சம் 127, பகா எண். 16 பிட்டின் உச்சம் 32767 = 7 × 31 × 151, பகு எண். 64 பிட்டின் உச்சம் 2⁶³ − 1. 63 பகு எண் என்பதால் கேள்வி 4-இன் விதிப்படி இதுவும் பகு எண். 128 பிட் வைத்தால் 2¹²⁷ − 1, லூக்காவின் பகா எண். 7, 15, 31, 63, 127 என்ற அடுக்குகளில் மூன்று மட்டும் பகா எண்கள், அந்த மூன்றுமே மெர்சென் பகா எண்ணும் தருகின்றன. 15-ம் 63-ம் விழுவதற்குக் காரணம் உண்டு. 31 தேறியதற்குச் சோதித்தோம், தேறியது என்பதற்கு மேல் ஒரு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. இந்தப் பக்கத்தில் உண்மையான தற்செயல் என்று நான் ஒப்புக்கொள்வது இது ஒன்றைத்தான்.

14. 2038-இல் கணினிகள் குழம்பிவிடும் என்கிறார்களே, அதிலும் இந்த எண்தானா?

ஆமாம். பல கணினி அமைப்புகள் நேரத்தை 1970 ஜனவரி 1 தொடங்கி நொடிகளாக எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருந்தால், 2147483647ஆவது நொடி 2038 ஜனவரி 19 அன்று, ஒருங்கிணைந்த உலக நேரப்படி அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு வரும். அடுத்த நொடியில் எண்ணிக்கை எதிர்மறைக்குப் புரண்டு 1901 டிசம்பர் 13 என்று காட்டும். 64 பிட்டுக்கு மாறிய அமைப்புகளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பகா எண் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

15. இதால வகுத்து மீதி எடுக்க ஏதோ குறுக்குவழி உண்டாமே?

9-ஆல் வகுத்து மீதி காண இலக்கங்களைக் கூட்டுவோம் அல்லவா? 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால் அது வேலை செய்கிறது. இங்கே 2³¹-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1. ஆகவே ஒரு பெரிய எண்ணை இரும முறையில் எழுதி, 31 பிட் 31 பிட்டாக வெட்டி, துண்டுகளைக் கூட்டினால் போதும். வகுத்தலே வேண்டாம்.

சின்ன அளவில் 127-ஐ வைத்துப் பார்க்கலாம். 1000 = 7 × 128 + 104. துண்டுகள் 7, 104. கூட்டினால் 111. 1000-ஐ 127-ஆல் வகுத்தாலும் மீதி 111-தான். வகுத்தல் கணினிக்கு மெதுவான வேலை, கூட்டலும் பிட் நகர்த்தலும் வேகமானவை. மெர்சென் பகா எண்களைக் கணினிக்காரர்கள் விரும்புவதற்கு இதுவே பாதிக் காரணம்.

16. சீரற்ற எண்களை உருவாக்கும் நிரலில் 16807-ஐயும் இந்த எண்ணையும் பார்த்தேன். ஏன் இந்த ஜோடி?

ஏதாவது ஓர் எண்ணில் தொடங்கி, 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். அந்த மீதியை மறுபடி 16807-ஆல் பெருக்க வேண்டும். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று தாறுமாறாகத் தோன்றும் வரிசை வரும். லெமரின் பெயரால் அறியப்படும் முறை இது. ஆமாம், கேள்வி 9-இல் வந்த அதே லெமர். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்தது இந்த ஜோடியைத்தான்.

வகுக்கும் எண் பகா எண் என்பதால் மீதி ஒருபோதும் பூச்சியமாகாது, வரிசை செத்துப்போகாது. அடுத்து, வட்டம் எவ்வளவு நீளம்? 2-ஆல் பெருக்கினால் கேள்வி 8-இல் பார்த்தபடி 31 அடியில் பழைய இடத்துக்கே வந்துவிடும். படுமோசம். 7-ஆல் பெருக்கினால் 1 முதல் 2147483646 வரை ஒன்றுவிடாமல் எல்லா எண்களையும் தொட்ட பிறகே வட்டம் மூடும். அந்தப் பண்புள்ள மிகச் சிறிய எண் 7.

ஆனால் 7 சின்னதாக இருப்பதால் அடுத்தடுத்த எண்கள் ஒட்டிக்கொண்டு வரும். எனவே அதன் ஐந்தாம் அடுக்கு, 16807. இந்த ஐந்தும் சும்மா வந்ததில்லை. 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. இதில் 5 காரணியாக இல்லை. அதனால் ஐந்தாம் அடுக்கு எடுத்தாலும் வட்டத்தின் நீளம் குறையவில்லை. இரண்டாம், மூன்றாம் அடுக்கு எடுத்திருந்தால் வட்டம் சுருங்கியிருக்கும். இன்றைக்கு இதைவிடத் தரமான முறைகள் வந்துவிட்டன. புதிதாக எழுதுவதற்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

17. மட்டு கணக்கில் (ஓர் எண்ணால் வகுத்த மீதிகளை மட்டும் வைத்துச் செய்யும் கணக்கில்) வர்க்கமூலம் எடுப்பது கடினம் என்று படித்தேன். இந்த எண்ணுக்கும் அப்படியா?

இல்லை, இங்கே அது சிரிப்பு வருமளவு எளிது. 4-ஆல் வகுத்தால் 3 மீதி வரும் பகா எண்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு: பகா எண்ணோடு ஒன்றைக் கூட்டி நான்கால் வகுத்து, அதை அடுக்காக வைத்தால் வர்க்கமூலம் வரும் (அப்படி ஒன்று இருந்தால்). நம் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் 2³¹, நான்கால் வகுத்தால் 2²⁹. ஓர் எண்ணை 2²⁹ அடுக்குக்கு உயர்த்துவது என்றால் 29 முறை தொடர்ந்து வர்க்கம் எடுப்பதுதான். வர்க்கமூலம் வேண்டுமா, வர்க்கம் எடுத்துக்கொண்டே போ என்கிறது கணக்கு.

31-ஐ வைத்துச் சோதிக்கலாம். 32-இன் கால்பங்கு 8, அதாவது 2³. மூன்று முறை வர்க்கம். 7-இலிருந்து 49, மீதி 18. 18-இலிருந்து 324, மீதி 14. 14-இலிருந்து 196, மீதி 10. 10-இன் வர்க்கம் 100, மீதி 7. சரியாக வந்துவிட்டது.

18. ரகசியக் குறியீட்டுக்கு இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. ஆர்எஸ்ஏ என்ற ரகசியக் குறியீட்டு முறையில் வழக்கமாக எடுக்கும் பகா எண்கள் ஒவ்வொன்றும் 300 இலக்கங்களுக்கு மேல். பத்து இலக்கப் பகா எண்கள் இரண்டைப் பெருக்கி வைத்தால் எந்தக் கணினியும் உடனே பிரித்துவிடும். மேலும் அந்த முறையில் பகா எண் ரகசியமாக இருக்க வேண்டும்; உலகத்துக்கே தெரிந்த எண்ணைப் பூட்டாகப் போட முடியாது. நீள்வட்ட வளைகோட்டு முறைகளில் பகா எண் வெளிப்படையாக இருக்கலாம். அங்கே இந்தக் குடும்பத்தின் 157 இலக்க உறுப்பினர் 2⁵²¹ − 1 பயன்படுகிறது, கேள்வி 15-இல் சொன்ன குறுக்குவழிக்காகத்தான்.

19. சரி, இப்போதைக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் எது?

நான் இதை எழுதும்போது 2-இன் 136279841ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டுபிடித்தார். 4,10,24,320 இலக்கங்கள். தெரிந்த மெர்சென் பகா எண்களில் 52ஆவது. தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைக் கூட்டாக ஈடுபடுத்தும் கிம்ப்ஸ் திட்டம்தான் 1996 முதல் இந்தக் குடும்பத்தின் புதிய உறுப்பினர்களைக் கண்டுபிடித்துவருகிறது. இவ்வளவு பெரிய எண்களுக்கு இந்தக் குடும்பமே முன்னால் நிற்பதற்குக் காரணம் கேள்வி 9-இன் சோதனை. மற்ற வடிவ எண்களுக்கு அவ்வளவு மலிவான சோதனை இல்லை.

பகா எண்கள் முடிவற்றவை என்று யூக்ளிட் காலத்திலேயே நிறுவியாகிவிட்டது. மெர்சென் பகா எண்கள் முடிவற்றவையா என்பது இன்னும் திறந்த கேள்வி.

20. 31-ம் ஒரு மெர்சென் பகா எண்தானே? அப்போ 2147483647-ஐயே அடுக்காக வைத்தால் இன்னொரு பகா எண் கிடைக்குமா?

அழகான கேள்வி. 5 பகா எண், 2⁵ − 1 = 31 பகா எண், 2³¹ − 1 பகா எண். இப்படி மெர்சென் பகா எண்ணையே அடுக்காகக் கொண்டு கிடைத்த பகா எண்கள் நான்குதான் தெரியும்: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. அடுத்த படியாக 2-இன் 2147483647ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் 64 கோடியே 64 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வரும். பகா எண்ணாக இருந்திருந்தால் கேள்வி 19-இன் சாதனை தூள்தூளாகியிருக்கும். ஆனால் அது பகு எண். 295257526626031 அதை மீதியின்றி வகுக்கிறது.

அத்தனை கோடி இலக்கங்களை எழுதாமல் இதை எப்படி நம்புவது? முதலில் கேள்வி 8-இன் சல்லடை: இந்தக் காரணி 137490 × 2147483647 + 1. சல்லடையில் நிற்கிறது. அடுத்தது சரிபார்ப்பு. காரணி என்பது உண்மையானால் 2-இன் 2147483647ஆம் அடுக்குக்கு மீதி 1. இன்னொரு 2-ஆல் பெருக்கினால் அடுக்கு 2³¹ ஆகிவிடும், மீதி 2 ஆக வேண்டும். 2³¹ அடுக்கு என்பது 31 முறை வர்க்கம் எடுப்பது. ஆகவே 2-இல் தொடங்கி, வர்க்கம் எடுத்து 295257526626031-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொண்டு, அதையே 31 முறை செய்யுங்கள். நடுவில் 29 இலக்கம் வரை வரும் என்பதால் சாதாரண கால்குலேட்டர் கைகொடுக்காது. பெரிய எண்களைக் கையாளும் பைத்தான் போன்ற மொழியில் இரண்டு வரி போதும். 31ஆம் வர்க்கத்தின் மீதியாகத் தொடங்கிய அதே 2 வந்து நிற்கும்.